கிராபிக்ஸ் கார்டில் எத்தனை ஜிபி இருக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியில் விளையாடுவதற்காகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்களும், வாங்கிய பிறகு குழம்புகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது. குறிப்பிடப்படும் கார்டுகளும் விளையாட்டுகளும் 2025ஆம் ஆண்டு வரை வெளியானவை.

1. கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே 16 ஜிபி ரேம் இருக்கு. கார்டுல தனியா எதுக்கு மெமரி?

மதர்போர்டில் செருகியிருக்கும் ரேம், கணினியின் மையச் செயலியான சிபியுவுக்கு உரியது. கார்டின் மேல் பற்றவைக்கப்பட்டிருக்கும் நினைவகம் கிராபிக்ஸ் சில்லுக்கு (ஜிபியு) உரியது. இரண்டுக்கும் வேகத்தில்தான் பெரிய வேறுபாடு. இரட்டைச் சேனலில் (இரண்டு ரேம் அட்டைகள் சேர்ந்து இயங்கும் விதத்தில்) ஓடும் டிடிஆர்4-3200 ரேம் நொடிக்கு 51.2 ஜிபி தரும். 2021இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டு, தன் நினைவகத்திலிருந்து நொடிக்கு 360 ஜிபி எடுத்துக்கொள்கிறது.

இரண்டுக்கும் நடுவே இருக்கும் பாதை இன்னும் குறுகலானது. கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிசிஐஇ) 4.0 முழு 16 லேன்களோடு, அதாவது தரவுத் தடங்களோடு, இருந்தாலும் ஒரு திசையில் நொடிக்கு ஏறக்குறைய 32 ஜிபிதான் கடத்தும். நொடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படம்) வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமை வரையக் கிடைப்பது 16.7 மில்லிநொடி, அந்த நேரத்துக்குள் இந்தப் பாதை வழியே அரை ஜிபிக்குச் சற்று மேல்தான் வந்து சேர முடியும். ஆகவே ஃப்ரேமுக்குத் தேவையானதெல்லாம் முன்கூட்டியே கார்டின் நினைவகத்தில் இருந்தாக வேண்டும்.

2. அதுக்குள்ள அப்படி என்னதான் வைக்கிறாங்க?

பெரும்பங்கு டெக்ஸ்சர்கள், அதாவது சுவர், தரை, துணி, முகம் ஆகியவற்றின் மேல் போர்த்தப்படும் படங்கள். 4096 × 4096 புள்ளிகள் கொண்ட ஒரே ஒரு டெக்ஸ்சர் சுருக்கப்படாத நிலையில் 64 எம்பி. விளையாட்டுகள் அதை பிசி7 போன்ற முறைகளில் 16 எம்பியாகச் சுருக்குகின்றன. தொலைவிலிருந்து பார்ப்பதற்கான சிறிய படிகளையும் சேர்த்தால் மேலும் மூன்றில் ஒரு பங்கு கூடி 21 எம்பி ஆகிறது. ஒரு பரப்புக்கு நிறம், மேடுபள்ளம், பளபளப்பு என்று பல டெக்ஸ்சர்கள் தேவைப்படும். ஒரு காட்சியில் இப்படிப் பல நூறு பரப்புகள் இருக்கும்.

இவை தவிர பொருள்களின் முப்பரிமாண வடிவங்கள், நிழல் வரைபடங்கள், ஃப்ரேம் உருவாகும்போது இடையில் தோன்றும் படிவங்கள், ரே ட்ரேசிங் (ஒளி செல்லும் வழியைக் கணக்கிட்டு வரையும் முறை) இயங்கினால் அதற்குரிய தேடல் கட்டமைப்பு ஆகியவையும் அங்கேதான் இருக்கும். பலர் நினைப்பதற்கு மாறாக, இறுதியில் திரைக்குப் போகும் படம் மிகச் சிறியது: 1080பி (1920 × 1080 புள்ளிகள்) என்றால் ஏறக்குறைய 8 எம்பி, 4கே (3840 × 2160) என்றால் 33 எம்பி.

3. ஜிபி கூடினா ஃப்ரேம் ரேட் கூடுமா?

கூடாது. தேவைப்படும் அளவு இருக்கும்வரை மீதி இடம் சும்மா கிடக்கும். 2023இல் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டு 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டாக வந்தது. சில்லும் ஒன்றே, நொடிக்கு 288 ஜிபி என்ற வேகமும் ஒன்றே. 8 ஜிபிக்குள் அடங்கும் விளையாட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒரே ஃப்ரேம் ரேட்டைத் தருகின்றன. அடங்காத விளையாட்டில்தான் பிரிகின்றன.

பெட்டியில் அச்சிட்ட ஜிபியை மட்டும் பார்த்து வாங்குவதில் வேறொரு ஆபத்தும் உண்டு. 2017இல் வந்த ஜிடி 1030 கார்டில், கிராபிக்ஸ் கார்டுகளுக்கென்றே உருவான ஜிடிடிஆர்5 நினைவகம் இருந்தது, வேகம் நொடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில், அதே 2 ஜிபி அளவில், டிடிஆர்4 நினைவகத்தோடு ஒன்று வந்தது. அதன் வேகம் 17 ஜிபியைக்கூடத் தொடவில்லை. 4 ஜிபி என்று பெரிதாக எழுதி விற்கப்படும் ஜிடி 730 கார்டுகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. அந்தச் சில்லின் வலிமைக்கு 4 ஜிபி எந்தப் பயனும் தராது.

4. மெமரி பத்தலேன்னா என்ன ஆகும்? கேம் திறக்கவே திறக்காதா?

பெரும்பாலும் திறக்கும், சிக்கல் அதற்குப் பிறகுதான். இடம் கொள்ளாத தரவை விண்டோஸ் கணினியின் ரேமுக்குத் தள்ளிவிடும். அது தேவைப்படும் ஒவ்வொரு முறையும் முதல் விடையில் சொன்ன குறுகலான பாதை வழியே வர வேண்டியிருப்பதால் விளையாட்டு விட்டுவிட்டு உறையும். சராசரி ஃப்ரேம் ரேட் நன்றாகவே தெரியலாம். அதனால்தான் சோதனை முடிவுகளைப் படிக்கும்போது சராசரியோடு நிறுத்தாமல், '1% லோ' என்று கொடுக்கப்படும் எண்ணையும் (மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகம்) பார்க்க வேண்டும்.

சில விளையாட்டுகள் வேறு வழியில் சமாளிக்கின்றன. வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு, சொல்லாமலே டெக்ஸ்சர்களின் தரத்தைக் குறைத்துவிடுகின்றன. 2023இல் வந்த ஹாக்வார்ட்ஸ் லெகசியில் 8 ஜிபி கார்டுகளில் சுவர்களும் பொருள்களும் மங்கித் தெரிந்தது இதனால்தான். செட்டிங்கில் 'அல்ட்ரா' என்றே எழுதியிருக்கும். திரையில் வருவது அல்ட்ரா அல்ல. ஃப்ரேம் ரேட் வரைபடத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. மூன்றாவது வகை, விளையாட்டு அப்படியே மூடிக்கொள்வது.

5. சுத்தி வளைக்காம சொல்லுங்க: எத்தனை ஜிபி?

வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்ற போட்டி விளையாட்டுகளோடு நிற்பவருக்கு 6 ஜிபி போதும், 8 ஜிபி தாராளம். கதையோடு வரும் புதிய பெரிய விளையாட்டுகளை 1080பியில் ஆட 8 ஜிபி என்பது இன்று அடிமட்டம். 2024இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் ஆகிய இரண்டும் குறைந்தபட்சத் தேவை என்றே 8 ஜிபியைக் கேட்கின்றன. 1440பிக்கு (2560 × 1440 புள்ளிகள்) 12 ஜிபியும், 4கே அல்லது முழு ரே ட்ரேசிங்குக்கு 16 ஜிபியும் என்பது என் கணக்கு.

கையில் 8 ஜிபி கார்டு இருப்பவர் பதறி மாற்ற வேண்டியதில்லை, ஒன்பதாம் விடையில் உள்ளதைச் செய்தால் போதும். புதிதாக வாங்குபவருக்கு என் கருத்து வேறு. மூன்று, நான்கு ஆண்டுகள் வைத்திருக்கப் போகும் கார்டை இன்று 8 ஜிபியோடு வாங்குவதை, விலை மிகக் குறைவாக இருந்தாலொழிய, நான் பரிந்துரைக்க மாட்டேன். 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 தன் விலைப்பிரிவிலேயே 12 ஜிபி தருகிறது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இரண்டும் 8 ஜிபி, 16 ஜிபி என ஒரே பெயரில் விற்கப்படுவதால், பில் போடும் முன் ஜிபியை ஒருமுறை வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

6. 2022 வரைக்கும் 8 ஜிபி நல்லாத்தானே இருந்துச்சு? திடீர்னு ஏன் பத்தலேங்கிறாங்க?

காரணம் கன்சோல்கள். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் சிபியுவும் கிராபிக்ஸும் பகிர்ந்துகொள்ளும் மொத்த நினைவகமே 8 ஜிபிதான். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றில் அது 16 ஜிபி ஆனது. அதில் சீரிஸ் எக்ஸ் 13.5 ஜிபியை விளையாட்டுக்கு விடுகிறது. ஆயினும் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குப் பெரும்பாலான விளையாட்டுகள் பழைய கன்சோலுக்கும் சேர்த்தே செய்யப்பட்டன. 2023வாக்கில் பழையதைக் கைவிடத் தொடங்கியதும், டெக்ஸ்சர்கள் புதிய அளவுக்கு வளர்ந்துவிட்டன.

2023 மார்ச்சில் கணினிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 இந்த வாதத்தின் மையமானது. வெளியான நாள்களில் 8 ஜிபி கார்டுகளில் டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்தால் பார்க்கச் சகிக்கவில்லை, கூட்டினால் உறைந்தது. பின்னர் வந்த பேட்ச்கள் நிலைமையைப் பெரிதும் சரிசெய்தன என்பதால், பழி முழுவதும் கார்டின் மேல் விழக்கூடாது. அதேசமயம், 2016இல் ஜிடிஎக்ஸ் 1070 கார்டில் கிடைத்த 8 ஜிபி, 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 கார்டிலும் அதே 8 ஜிபியாக இருப்பதை விளையாட்டு செய்தவர்களின் சோம்பேறித்தனம் என்று சொல்லித் தள்ளிவிடவும் முடியாது.

7. கேம் ஓடும்போது 8 ஜிபில 7.6 ஜிபி யூஸ் ஆகுதுன்னு காட்டுது. நிரம்பிடுச்சுன்னுதானே அர்த்தம்?

அவசியமில்லை. மென்பொருள்கள் காட்டுவது விளையாட்டு ஒதுக்கிக்கொண்ட அளவை. உண்மையில் தேவைப்படும் அளவை அல்ல. இடம் இருந்தால் பின்னால் உதவும் என்று பல விளையாட்டுகள் பழைய டெக்ஸ்சர்களை அழிக்காமலே வைத்திருக்கும். அதே விளையாட்டு 16 ஜிபி கார்டில் 11 ஜிபி என்று காட்டுவதை வைத்து, 8 ஜிபியில் அது ஓடாது என்று முடிவு கட்டுவது தவறு.

உறுதி செய்ய, டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியுவைத் திறந்து, 'டெடிகேட்டட்' (கார்டின் சொந்த நினைவகம்), 'ஷேர்டு' (ரேமிலிருந்து எடுப்பது) என்ற இரண்டு வரைபடங்களையும் பாருங்கள். விளையாடும்போது முதலாவது உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்க, இரண்டாவது ஏறிக்கொண்டே போனால் நினைவகம் வழிகிறது என்று பொருள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஃப்ரேம் டைம் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆகும் நேரம்) கோட்டையும் சேர்த்துப் பார்த்தால், கூர்மையான முட்கள் அப்போதுதான் எழுவது தெரியும். கோடு நேராக இருந்தால் எண் எதுவாக இருந்தாலும் கவலை வேண்டாம்.

8. என் சிஸ்டம்ல டோட்டல் கிராபிக்ஸ் மெமரி 16 ஜிபின்னு காட்டுதே. அப்போ என்கிட்ட 16 ஜிபி கார்டுதானே இருக்கு?

இல்லை. கார்டின் 8 ஜிபியோடு, உங்கள் 16 ஜிபி ரேமில் பாதியைக் கடனாக எடுத்துக்கொள்ளலாம் என்று விண்டோஸ் குறித்து வைத்திருக்கும் 8 ஜிபியையும் கூட்டிக் காட்டுகிறது. அந்தக் கடன் என்ன விலைக்கு வருகிறது என்பதை நான்காம் விடையில் பார்த்தோம்.

9. இருக்கிற கார்டை வெச்சே சமாளிக்கணும். எதை முதல்ல குறைக்கிறது?

டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறையுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள். டெக்ஸ்சர் என்பது சில்லுக்கு அதிக வேலை வைக்காமல் இடத்தை மட்டும் பிடிப்பது என்பதால், மொத்த செட்டிங்கையும் 'லோ' ஆக்குவது தேவையற்ற தியாகம். 1080பி திரையில் அல்ட்ராவுக்கும் ஹைக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலான விளையாட்டுகளில் நின்று உற்றுப் பார்த்தால்தான் காண முடியும். இந்தியானா ஜோன்ஸ் போன்ற சிலவற்றில் 'டெக்ஸ்சர் பூல்' என்று தனிச் செட்டிங் இருக்கும். அது டெக்ஸ்சர்களுக்காக எவ்வளவு இடம் பிடித்து வைப்பது என்பதைக் குறிக்கிறது. கார்டு தாங்குவதற்கு மேல் அதை வைத்தால் ஃப்ரேம் ரேட் சரிந்து விழும், ஒரு படி குறைத்ததும் எழுந்து நிற்கும்.

அடுத்தது ரே ட்ரேசிங், பிறகு நிழல். ரெசல்யூஷனைக் குறைப்பதை முதல் மருந்தாக எடுக்க வேண்டாம். பின்னணியில் திறந்திருக்கும் பிரவுசர், டிஸ்கார்டு, அசையும் வால்பேப்பர் ஆகியவையும் கார்டின் நினைவகத்தைத் தின்கின்றன. விளிம்பில் நிற்கும் 8 ஜிபி கார்டில் அவற்றை மூடுவதே சில சமயம் போதுமானதாகிவிடும்.

10. டிஎல்எஸ்எஸ் ஆன் பண்ணா மெமரி மிச்சமாகும்தானே?

கொஞ்சம் மிச்சமாகும், எதிர்பார்க்கும் அளவுக்கு ஆகாது. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்றவை உள்ளே சிறிய படத்தை வரைந்து பெரிதாக்குகின்றன. எனவே இடைப்படிவங்கள் சுருங்கும். ஆனால் டெக்ஸ்சர்கள் இறுதித் திரையின் அளவுக்கு ஏற்பவே ஏற்றப்படுகின்றன, இடத்தைப் பிடிப்பவையும் அவைதான்.

ஃப்ரேம் ஜெனரேஷன் இதற்கு நேர் எதிர். நடுவே புதிய ஃப்ரேம்களை உருவாக்குவதற்காக அது கூடுதல் நினைவகத்தைக் கேட்கும். ஏற்கெனவே நிரம்பி வழியும் கார்டில் அதை இயக்கினால் விளையாட்டு மேலும் திணறலாம். விளம்பரத்தில் முன்னிறுத்தப்படும் ரே ட்ரேசிங், ஃப்ரேம் ஜெனரேஷன் இரண்டுமே நினைவகம் தின்பவை. அவற்றை முன்னிறுத்தியே 8 ஜிபி கார்டை விற்பதுதான் வேடிக்கை.

11. 3060க்கு 12 ஜிபி, அதைவிடப் பெரிய 3070க்கு 8 ஜிபி. இது என்ன கணக்கு?

இந்தக் கணக்கு நினைவகப் பாதையின் அகலத்திலிருந்து வருகிறது. ஒவ்வொரு ஜிடிடிஆர்6 நினைவகச் சில்லும் 32 பிட் பாதையில் இணைகிறது. 3060 கார்டின் பாதை 192 பிட், அதாவது 6 சில்லுகள். ஒரு சில்லு 1 ஜிபி அல்லது 2 ஜிபி அளவில்தான் கிடைத்தது என்பதால், என்விடியாவுக்கு முன்னால் இருந்தவை 6 ஜிபி, 12 ஜிபி என்ற இரண்டே தெரிவுகள். 6 ஜிபி மிகக் குறைவு, எனவே 12. 3070 கார்டில் 256 பிட், 8 சில்லுகள். அங்கே 8 அல்லது 16. செலவைப் பார்த்து 8 என்று முடிவானது.

4060 டிஐ கார்டில் பாதை 128 பிட்டாகச் சுருங்கியதால் 4 சில்லுகள், 2 ஜிபி வீதம் 8 ஜிபி. அதன் 16 ஜிபி வடிவத்தில், பலகையின் இரு பக்கமும் சில்லுகளைப் பொருத்தி ஒரே பாதையை இரண்டிரண்டாகப் பகிர வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அளவு இரட்டித்தும் வேகம் ஏறவில்லை. வேகத்தை நீங்களே கணக்கிடலாம்: பிட் எண்ணிக்கையை நினைவகத்தின் ஜிகாபிட் வேகத்தால் பெருக்கி எட்டால் வகுக்க வேண்டும். 3060 கார்டுக்கு 192 × 15 ÷ 8 = 360. 5060 டிஐ கார்டுக்கு 128 × 28 ÷ 8 = 448; பாதை குறுகியிருந்தாலும் ஜிடிடிஆர்7 வேகமானது.

ஜிடிடிஆர்7 வகையில் 3 ஜிபி சில்லும் வந்துவிட்டது. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 5090 வெறும் 256 பிட் பாதையில் 24 ஜிபி வைத்திருப்பது அதனால்தான். அந்தச் சில்லு மலிவானால் 128 பிட் கார்டும் 12 ஜிபி தர முடியும்.

12. என் போர்டு பழசு, பிசிஐஇ 3.0தான் இருக்கு. புது கார்டு போடலாமா?

போடலாம், லேன் எண்ணிக்கையைப் பார்த்துப் போடுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060, 4060 டிஐ, 5060, 5060 டிஐ ஆகியவை 8 லேன்களே கொண்டவை. பிசிஐஇ 3.0 போர்டில் அது நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி ஆகிவிடும். நினைவகம் வழியாதவரை இழப்பு சிறிது. வழிந்தால் நான்காம் விடையில் சொன்ன உறைதல் பல மடங்காகும். 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபியும் 4 லேனும் மட்டுமே கொண்டு வந்து, பழைய போர்டுகளில் திணறியது பலருக்கு நினைவிருக்கும். பழைய போர்டு வைத்திருப்பவர் 16 ஜிபி வடிவத்தையோ, 16 லேன் கொண்ட ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டையோ எடுப்பது பாதுகாப்பு.

13. லேப்டாப்ல 4070 இருக்கு. டெஸ்க்டாப் 4070 மாதிரி 12 ஜிபிதானே?

8 ஜிபி. பெயர் ஒன்றாக இருந்தாலும் சில்லே வேறு. 3060 கார்டிலும் ஜிபி இப்படி மாறுகிறது: மேசைக் கணினியில் 12 ஜிபி, லேப்டாப்பில் 6 ஜிபி. லேப்டாப்பில் பின்னர் கார்டை மாற்ற வழியில்லை என்பதால் வாங்கும்போதே கூடுதல் கண்டிப்பு தேவை.

14. தனி கார்டே இல்ல, 5600ஜிதான். பயாஸ்ல மெமரியை 2 ஜிபிலேர்ந்து 4 ஜிபி ஆக்கினா வேகம் வருமா?

வராது. 5600ஜி என்பது கிராபிக்ஸையும் உள்ளடக்கிய ஏஎம்டி சிபியு, அதற்குத் தனி நினைவகம் இல்லை. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ஒதுக்குவது பெயரளவில்தான் மாறுகிறது. எடுக்கப்படுவது அதே ரேம், அதே வேகம். போதிய நினைவகம் இல்லை என்று விளையாட்டு திறக்க மறுக்கும்போது மட்டும் கூட்டிப் பாருங்கள். வேகம் வேண்டுமென்றால் ஒற்றை 16 ஜிபி ரேமுக்குப் பதிலாக இரண்டு 8 ஜிபி ரேம்களைப் போடுங்கள். முதல் விடையில் கண்ட 51.2 ஜிபி என்பது இரண்டு சேனலும் இயங்கினால் மட்டுமே கிடைப்பது.

15. செகண்ட் ஹேண்ட்ல 3060 12 ஜிபியும் 3070 8 ஜிபியும் கிட்டத்தட்ட ஒரே விலை. எதை எடுக்க?

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். 3070 கார்டில் 5888 கோர்கள் (சில்லுக்குள் கணக்கிடும் அலகுகள்), 3060 கார்டில் 3584. 8 ஜிபிக்குள் அடங்கும் எந்த விளையாட்டிலும் 3070 தெளிவாக முந்தும்; அடங்காத இடத்தில் 3060 சீராக ஓட, 3070 தடுமாறும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் அந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் மறைந்துவிடும், ஆனால் 3060 கார்டின் கோர் எண்ணிக்கையை எந்தச் செட்டிங்காலும் கூட்ட முடியாது. ஆகவே செட்டிங்கைத் தொட்டுப் பார்க்கத் தயங்காதவர் 3070 எடுக்கலாம். எல்லாவற்றையும் அல்ட்ராவில் வைத்துவிட்டு மறந்துபோக விரும்புபவரும், வீடியோ எடிட்டிங், ப்ளெண்டர் மென்பொருளில் முப்பரிமாண வடிவமைப்பு போன்ற வேலைகளும் செய்பவரும் 3060 எடுக்கட்டும்.

3060 என்ற பெயரிலேயே 128 பிட், 8 ஜிபி வடிவம் ஒன்றும் உலவுகிறது. அது இரண்டு பக்கத்திலும் தோற்பது, வேண்டாம்.

16. ஆன்லைன்ல ரொம்ப மலிவா 1050 டிஐ 4 ஜிபி கிடைக்குது. நம்பலாமா?

பழைய ஜிடிஎஸ் 450 போன்ற கார்டுகளின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை நிரலை) மாற்றி எழுதி, புதிய பெயரையும் பெரிய ஜிபியையும் காட்டச் செய்து விற்பது நீண்ட நாள் மோசடி. விண்டோஸ் காட்டும் பெயரை நம்பாமல் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். 2018 முதல் அது இத்தகைய போலிகளை அடையாளம் கண்டு எச்சரிக்கிறது. ஆர்எக்ஸ் 580 8 ஜிபி என்று விற்கப்படுபவற்றில் '2048எஸ்பி' என்று இருந்தால், உள்ளே இருப்பது 570 அளவுக்கான சில்லு. ஜிபி உண்மை, பெயர்தான் பெரிது.

17. 8 ஜிபி கார்டு ரெண்டு போட்டா 16 ஜிபி ஆயிடுமா? இல்ல, இருக்கிற கார்டுலயே மெமரியை ஏத்த முடியுமா?

இரண்டு கார்டுகளைச் சேர்த்து இயக்கும் எஸ்எல்ஐ என்ற ஏற்பாடு இருந்த காலத்திலும் ஆகவில்லை. இரண்டு கார்டும் மாறி மாறி ஃப்ரேம் வரைய வேண்டியிருந்ததால் ஒரே தரவை இரண்டிலும் பிரதியெடுத்தே வைக்க வேண்டியிருந்தது. இன்று அந்த ஏற்பாடே வழக்கொழிந்துவிட்டது. சில்லுகளைப் பெயர்த்துவிட்டுப் பெரியவற்றைப் பற்றவைத்து 3070 கார்டை 16 ஜிபி ஆக்கியவர்கள் உண்டு. அதற்குரிய கருவிகளும் கைத்திறனும் இல்லாத இடத்தில் அது கார்டை இழக்கும் வழி.

18. அப்போ 16 ஜிபி வாங்கிட்டா பத்து வருஷம் கவலையில்லையா?

நினைவகத்தைப் பொறுத்த கவலை நெடுநாள் வராது. சில்லைப் பொறுத்த கவலை வரும். 2019இல் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் VII கார்டில் 16 ஜிபி எச்பிஎம்2 நினைவகம் இருந்தது, இன்றைக்கும் தாராளமான அளவு. ஆனால் ரே ட்ரேசிங்குக்கான வன்பொருள் அதில் இல்லை. அந்த வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கும் இந்தியானா ஜோன்ஸ், விண்டோஸில் அந்தக் கார்டை ஏற்பதில்லை. 6 ஜிபி மட்டுமே உள்ள ஆர்டிஎக்ஸ் 2060 கார்டிலோ அந்த வன்பொருள் இருக்கிறது. ஆகவே ஐந்தாம் விடையில் சொன்ன அளவை எட்டிய பிறகு கையில் பணம் மீதமிருந்தால், அதை அடுத்த படிச் சில்லுக்குச் செலவிடுங்கள்.